பழைய பைக்கின் முன் பிரேக்கைப் பிரித்துச் சரிசெய்வது எப்படி

பழைய பைக்கில் முன் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் எல்லோரும் முதலில் பேடைத்தான் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தட்டை அழுத்தி நிறுத்தும் தேய்மானக் கட்டை) மாற்றுவார்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் பிரேக் ஆயிலை மாற்றி ஏர் எடுப்பார்கள் (உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றுவார்கள்), கொஞ்ச நாள் நன்றாக இருக்கும், அப்புறம் மறுபடி பழைய கதைதான். பதினைந்து, இருபது வருடம் ஓடிய வண்டியில் கோளாறு பெரும்பாலும் வெளியே தெரியாத நாலு இடங்களில் இருக்கும். காலிப்பருக்குள் (பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) ரப்பர் சீல் உட்காரும் பள்ளம், மாஸ்டர் சிலிண்டரில் (லிவருக்குப் பக்கத்தில் இருந்து ஆயிலுக்கு அழுத்தம் கொடுக்கும் பாகம்) ஊசிமுனை அளவே உள்ள ஒரு துளை, இரண்டையும் இணைக்கும் ஆயில் குழாயான ஹோஸின் உட்புறம், காலிப்பர் நகர்ந்து கொடுக்க வேண்டிய பின்கள். இந்த நாலையும் திறந்து பார்க்காமல் செய்கிற பிரேக் வேலை பாதி வேலைதான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்சக்கரத்துக்கு மாறும், பின்சக்கரம் லேசாகிவிடும், அதனால் வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். அதை அரைகுறையாக வைத்துக்கொண்டு பின் பிரேக்கை மிதித்தே ஓட்டிப் பழகியவர்கள் நிறையப் பேர். அவசரத்துக்கு அந்தப் பழக்கம் கைகொடுக்காது.

இங்கே முதலில் டிஸ்க் பிரேக்கைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். 1969-இல் ஹோண்டா சிபி750 முன்பக்க டிஸ்க்கோடு வந்த பிறகு இந்த அமைப்பு மற்ற பைக்குகளுக்கும் பரவியது, அடிப்படை இன்று வரை மாறவில்லை. டிரம் பிரேக் உள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் தனியாக ஒரு பகுதி இருக்கிறது.

பிரிப்பதற்கு முன்னால் கோளாறைக் கண்டுபிடியுங்கள்

ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன் லிவரை நாலு தடவை பிடித்துப் பாருங்கள், பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும். லிவர் பஞ்சு போல அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது, அல்லது ஹோஸ் பழசாகி உப்புகிறது. இறுக்கிப் பிடித்தபடியே இருக்கும்போது லிவர் மெதுவாகக் கைப்பிடியை நோக்கி இறங்கிக்கொண்டே போனால், வெளியே எங்கும் கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்துவிட்டது. லிவர் கல் மாதிரி இறுக்கமாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால் காலிப்பர் பிஸ்டன் (பேடைத் தள்ளும் உருளை) இறுகியிருக்கலாம், பேட் எண்ணெய் குடித்திருக்கலாம் அல்லது கண்ணாடி மாதிரி வழவழப்பாகியிருக்கலாம். பிடிக்கும்போது லிவர் விரலில் துடித்தால் டிஸ்க்கைப் பாருங்கள்.

பழைய வண்டிகளில் அதிகம் வருகிற தொல்லை, லிவரை விட்ட பிறகும் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருப்பது. தள்ளினால் வண்டி கனமாக இருக்கும், கொஞ்ச தூரம் ஓட்டினால் டிஸ்க் கொதிக்கும். இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துங்கள், பிரேக்கைப் பிடித்து விடுங்கள், சக்கரம் சுற்ற மறுக்கிறதா என்று பாருங்கள். மறுத்தால் காலிப்பரில் உள்ள ஏர் நிப்பிளில் (காற்றை வெளியேற்றத் திறக்கும் சின்னத் திருகு) ஒரு டியூபை மாட்டி, மறுமுனையை ஒரு பாட்டிலில் விட்டு, நிப்பிளைக் கொஞ்சமாகத் திறங்கள். உடனே சக்கரம் லேசாகச் சுற்ற ஆரம்பித்தால் காலிப்பர் பரவாயில்லை, அழுத்தம் மேலேயிருந்து திரும்பிப் போக முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். திறந்தும் சுற்றவில்லை என்றால் கோளாறு காலிப்பரிலேயே இருக்கிறது. முதல் வகை என்றால் நிப்பிளை மூடிவிட்டு மறுபடி லிவரைப் பிடித்து விட்டு, இந்தத் தடவை மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் சேரும் போல்ட்டைத் துணி சுற்றித் தளர்த்துங்கள். சக்கரம் விட்டுக்கொடுத்தால் மாஸ்டர் சிலிண்டர், விடாவிட்டால் ஹோஸ். ஐந்து நிமிட வேலை இது, ஆனால் தேவையில்லாத பாகங்களை வாங்கிக் குவிப்பதிலிருந்து உங்களைக் காப்பாற்றும்.

பிரேக் ஆயில் போகும் பாதையைத் திறக்கிற எந்த வேலைக்கும் கண்ணைக் காக்கும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் கண்ணில் பட்டால் எரியும், பெயின்ட்டில் பட்டால் பெயின்ட்டையே உரித்துவிடும். பெட்ரோல் டேங்கின் மேல் தடிமனான துணி போட்டு மூடுங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள். சொட்டுச் சிந்தினாலும் துடைப்பதோடு விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், கிளைக்கால் வகை ஆயில் தண்ணீரில் கரைந்து போய்விடும்.

என்னென்ன வேண்டும்

உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல், நல்ல ரிங் ஸ்பானர்கள், டார்க் ரெஞ்ச் (போல்ட்டை அளவு பார்த்து இறுக்கும் ஸ்பானர்), சர்க்ளிப் (பாகம் வெளியே வராமல் தடுக்கும் ஸ்பிரிங் வளையம்) கழற்றும் பிளேயர், நிப்பிளில் கச்சிதமாக மாட்டும் தெளிவான பிளாஸ்டிக் டியூப், பெரிய சிரிஞ்ச், காலிப்பர் சீல் கிட், மாஸ்டர் சிலிண்டர் கிட், புது காப்பர் வாஷர்கள், மூடி திறக்காத பிரேக் ஆயில் பாட்டில். சுத்தம் செய்ய ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அல்லது பிரேக் கிளீனர் ஸ்பிரே.

பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், என்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ், இவற்றில் எதுவும் பிரேக் சீல்களுக்குப் பக்கத்தில் வரவே கூடாது. பிரேக்கில் இருக்கிற ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பி, மெத்தென்று ஆகி, கடைசியில் பிஸ்டனை விடாமல் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக் கடைகளில் எல்லாப் பாகத்தையும் ஒரே தட்டில் போட்டுப் பெட்ரோலில் கழுவுகிற பழக்கம் உண்டு. என்ஜின் பாகத்துக்கு அது சரி, பிரேக்குக்கு ஆகவே ஆகாது.

காலிப்பர்

காலிப்பர் ஃபோர்க்கில் மாட்டியிருக்கும்போதே ஹோஸ் போல்ட், ஏர் நிப்பிள், பேட் பின் மூன்றையும் லேசாகத் தளர்த்தி, உடனே மறுபடி மெதுவாக இறுக்கி வையுங்கள். கழற்றிய பிறகு காலிப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு இறுகிப்போன போல்ட்டோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை. ஏர் நிப்பிள் உள்ளே குழாய் மாதிரி வெற்றாக இருக்கும், பலம் கொடுத்தால் பட்டென்று முறிந்துவிடும். துரு இறக்கும் ஸ்பிரே அடித்து ஒரு ராத்திரி விடுங்கள், ஆறு பக்கமும் கவ்வுகிற சாக்கெட் போடுங்கள், நிப்பிளின் தலையில் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி முன்னும் பின்னும் அசைத்துக் கொண்டு வாருங்கள். கேட்கவில்லை என்றால் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கலாம், ஆனால் ஸ்பிரேயையும் சிந்திய பிரேக் ஆயிலையும் முழுக்கத் துடைத்துக் காயவிட்ட பிறகுதான், இரண்டும் தீப்பிடிக்கும். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் சூடே காட்டாதீர்கள், சில வகைக் கிளீனர் சூட்டில் விஷவாயுவாக மாறும்.

பிஸ்டனை வெளியே எடுக்கச் சிறந்த கருவி வண்டியின் பிரேக் லிவரேதான். ஹோஸைக் கழற்றாமல் காலிப்பரை மட்டும் ஃபோர்க்கிலிருந்து எடுத்து, பேடுகளை உருவிவிட்டு, ஒரு தட்டின் மேல் வைத்துக்கொண்டு லிவரை மெதுவாக அடியுங்கள், அதாவது பிடித்துப் பிடித்து விடுங்கள். ஹைட்ராலிக் அழுத்தத்துக்கு இணையான இழுவை எந்தப் பிளேயரிலும் கிடைக்காது, அதோடு பிளேயர் போட்டால் பிஸ்டனில் விழும் கீறல் சீலைக் கிழிக்கும். ரிசர்வாயரில் (மாஸ்டர் சிலிண்டரோடு சேர்ந்த ஆயில் டப்பா) ஆயில் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருங்கள். இரண்டு பிஸ்டன் உள்ள காலிப்பரில் ஒன்று சுலபமாக வரும், ஒன்று அடம் பிடிக்கும். வருகிறதை ஒரு மரத்துண்டால் தடுத்து நிறுத்தி, அடம் பிடிப்பதை முன்னால் வர வையுங்கள், ஏனென்றால் ஒரு பிஸ்டன் முழுசாக வெளியே வந்துவிட்டால் அழுத்தம் போய்விடும், மற்றது அங்கேயே நின்றுவிடும். கம்ப்ரஸர் காற்று வைத்து எடுப்பவர்கள் பிஸ்டனுக்கு எதிரே கனமான மரத்துண்டும் துணியும் வைத்து, குறைந்த அழுத்தத்தில் ஆரம்பியுங்கள். விரலை அந்த இடைவெளியில் வைக்கவே வைக்காதீர்கள், பிஸ்டன் துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே வரும்.

இப்போது உள்ளே பாருங்கள். ஒவ்வொரு பிஸ்டனுக்கும் இரண்டு ரப்பர் வளையம் இருக்கும். உள்ளே இருக்கும் தடிமனானது ஆயிலைத் தடுக்கிறது, வெளியே இருக்கும் மெல்லியது தூசியைத் தடுக்கிறது. உள்சீலின் குறுக்குவெட்டு சதுரமாக இருக்கும், அதற்குக் காரணம் உண்டு. பிரேக் பிடிக்கும்போது பிஸ்டன் வெளியே நகர, அதைக் கவ்விப் பிடித்திருக்கும் சீலும் கூடவே கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது. லிவரை விட்டதும் அந்த முறுக்கு அவிழ்ந்து பிஸ்டனை ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு பின்னுக்கு இழுக்கிறது. பேடை டிஸ்க்கிலிருந்து விடுவிப்பது இந்த ரப்பரின் முறுக்குதான், வேறு எந்த ஸ்பிரிங்கும் அந்த வேலையைச் செய்யவில்லை. பேட் தேயத் தேய பிஸ்டன் சீலுக்குள் வழுக்கிக் கொஞ்சம் முன்னேறி நிற்கும், அதனால்தான் டிஸ்க் பிரேக்குக்குத் தனியாக அட்ஜஸ்ட் செய்யும் வேலை இல்லை.

சீலை மழுங்கலான முனையால் எடுத்துவிட்டு அந்தப் பள்ளத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய அலுமினியக் காலிப்பர் என்றால் பள்ளத்தின் அடியிலும் மூலைகளிலும் வெள்ளையாக, சுண்ணாம்பு பூசின மாதிரி ஒரு படிவு கெட்டியாக ஒட்டியிருக்கும். அலுமினியம் ஈரத்தில் அரித்து உண்டாகிற உப்பு அது. அது சீலுக்குப் பின்னால் வளர்ந்து வளர்ந்து, சீலை பிஸ்டன் மேல் நெருக்குகிறது. புது சீல், புது பிஸ்டன் எல்லாம் போட்டும் பிரேக் மறுபடி இறுகுவதற்கு இதுதான் காரணம், பள்ளத்தைச் சுத்தம் செய்யாமல் கிட் மட்டும் மாற்றியிருப்பார்கள். இந்த ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் கொடுங்கள். வளைந்த முனையுள்ள பல் சுத்தம் செய்யும் கருவி கிடைத்தால் அருமை, இல்லையென்றால் பித்தளைக் கம்பியின் முனையைச் சதுரமாக அரம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியத்தைத் தோண்டாமல் படிவை மட்டும் சுரண்ட வேண்டும், முதலில் தகடு தகடாகப் பெயர்ந்து வரும், அப்புறம் வெள்ளைப் பொடியாக வரும், கடைசியில் அடியில் உலோகம் பளிச்சென்று தெரியும். மூலைகளில் கொஞ்சம் மிச்சம் வைத்தாலும் சீல் சரியாக உட்காராது. வெளியே இருக்கும் தூசி சீலின் பள்ளத்தில்தான் படிவு அதிகமாக இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

பிஸ்டனைக் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். வெளிநுனியில், பேட் பக்கம், கொஞ்சம் துருக்கறை இருந்தால் மெல்லிய எமெரித் தாளில் சுத்தம் செய்துகொள்ளலாம். சீல் உரசுகிற பகுதியில் குரோம் பெயர்ந்து குழி விழுந்திருந்தால் அந்தப் பிஸ்டனைத் தூக்கிப் போடுங்கள், தேய்த்துச் சரிசெய்ய முடியாது. பழைய வண்டிகளுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மாற்றுப் பிஸ்டன்கள் பல மாடலுக்குக் கிடைக்கின்றன, அளவு சரியாக இருந்தால் அவை நல்ல தேர்வு.

புது சீலைப் புது பிரேக் ஆயிலில் நனைத்து, முறுக்கு இல்லாமல் பள்ளத்தில் விரலாலேயே உட்கார வையுங்கள். சுத்தமான பள்ளத்தில் சீல் உள்சுவரை விட மிகக் கொஞ்சமே வெளியே துருத்தி நிற்கும். பிஸ்டனை நேராகப் பிடித்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினால் சீராக உள்ளே இறங்க வேண்டும். இறங்கவில்லை, சுத்தியல் தேவைப்படுகிறது என்றால் பள்ளம் இன்னும் சுத்தமாகவில்லை, திரும்ப எடுத்துச் சுரண்டுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உள்ள காலிப்பரில் பின்களின் மேல் காலிப்பர் முழுசாக நகர்ந்து கொடுக்க வேண்டும். ஒரு பேட் தேய்ந்து தகடாகியும் மறு பேட் புதுசு மாதிரி இருந்தால், அல்லது பேட் ஆப்பு மாதிரி சரிவாகத் தேய்ந்திருந்தால், பின் இறுகியிருக்கிறது. பின்னைத் துடைத்து, துரு இருந்தால் மாற்றி, சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகப் பூசி, ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

மாஸ்டர் சிலிண்டர்

ரிசர்வாயர் மூடியின் ஸ்க்ரூக்கள் பழைய வண்டியில் மென்மையாக இருக்கும், தலை அழிந்துவிடும். சரியான அளவு ஸ்க்ரூ டிரைவரை வைத்து மேலே ஒரு தட்டு தட்டிவிட்டுத் திருப்புங்கள். உள்ளே அடியில் பழுப்பாகக் கூழ் மாதிரி இருந்தால் ஆயில் மாற்றிப் பல வருடம் ஆகிறது. துடைத்துவிட்டுப் பார்த்தால் அடித்தளத்தில் ஒரு பெரிய துளை தெரியும். அதன் பக்கத்தில், காலிப்பருக்குப் போகும் பக்கமாக, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரிகிற ஒரு துளை இருக்கும், சில மாடல்களில் அதன் மேல் சின்னத் தகடு மூடியிருக்கும். லிவரை விட்டதும் ஆயில் ரிசர்வாயருக்குத் திரும்புவது அந்தச் சின்னத் துளை வழியாகத்தான். அது அடைத்தால் ஒவ்வொரு தடவை பிரேக் பிடிக்கும்போதும் கொஞ்சம் அழுத்தம் உள்ளேயே தங்கிவிடும், டிஸ்க் சூடாக ஆயில் விரியும், விரிந்த ஆயிலுக்கும் போக வழியில்லாமல் கடைசியில் ஓடுகிற வண்டியில் முன்சக்கரமே பூட்டிக்கொள்ளலாம்.

கிட்டாரின் மிக மெல்லிய கம்பி ஒரு துண்டு போதும், அதை விட்டு எடுத்துப் பிரேக் கிளீனர் அடியுங்கள். டிரில் பிட் போட்டுப் பெரிதாக்காதீர்கள், அந்த அளவு கணக்குப் பார்த்து வைத்தது. எல்லாம் மாட்டி ஏர் எடுத்த பிறகு ஒரு சோதனை இருக்கிறது: மூடியைத் திறந்து வைத்து லிவரை விரல் நுனியால் லேசாகத் தட்டினால் அந்தத் துளைக்கு மேலே ஆயில் குட்டியாகக் குமிழ்ந்து எழும்பும். எழும்பினால் துளை திறந்திருக்கிறது. வேகமாகப் பிடிக்காதீர்கள், முகத்தில் தெறிக்கும்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது லிவருக்கும் பிஸ்டனுக்கும் இடையே உள்ள சின்ன இடைவெளி. வேறு மாடல் லிவரையோ சரியாகச் செய்யாத மாற்று லிவரையோ போட்டிருந்தால் அது பிஸ்டனை எப்போதுமே கொஞ்சம் தள்ளிப் பிடித்திருக்கும், துளை சுத்தமாக இருந்தும் கப்பால் மூடப்பட்டிருக்கும். பிரேக் இறுகுகிறது என்று காலிப்பரை நாலு தடவை பிரித்தும் விடை கிடைக்காதவர்கள் லிவரைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள்.

கப்களை மாற்ற, ரப்பர் உறையை எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் சர்க்ளிப்பைக் கழற்ற வேண்டும், ஸ்பிரிங் பின்னால் தள்ளிக்கொண்டிருக்கும் என்பதால் விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தப் பாகம் எந்தப் பக்கம் பார்த்து வந்தது என்று ஒரு படம் எடுத்து வையுங்கள். கப்களின் விரிந்த வாய் லிவருக்கு எதிர்த்திசையில், அழுத்தம் உருவாகும் பக்கத்தைப் பார்க்க வேண்டும், திருப்பிப் போட்டால் அழுத்தமே வராது. சிலிண்டரின் உட்சுவரில் நகம் மாட்டுகிற அளவுக்குக் குழியோ கீறலோ இருந்தால் கிட் போடுவதில் பயனில்லை, முழு மாஸ்டர் சிலிண்டரையே மாற்றுங்கள். அப்படி மாற்றும்போது உட்துளையின் விட்டம் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். பெரிதாகப் போட்டால் லிவர் கட்டை மாதிரி இறுகி, பிடிக்க அதிக பலம் வேண்டியிருக்கும், சிறிதாகப் போட்டால் லிவர் கைப்பிடி வரை வந்துவிடும்.

ஹோஸ்

ரப்பர் ஹோஸுக்கு வயது உண்டு. நாலு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள், நடைமுறையில் பல வண்டிகள் தொழிற்சாலையில் போட்ட ஹோஸோடே இருபது வருடம் ஓடுகின்றன. வளைத்துப் பார்த்தால் மேலே வெடிப்புத் தெரிந்தால் மாற்றுங்கள். வெளியே நன்றாக இருந்தும் உள்ளே வீங்கியிருக்கலாம், லிவரின் பலமான அழுத்தம் உள்ளே போகும், திரும்பி வர பலம் இல்லாமல் நின்றுவிடும். பழைய வண்டியில் மற்ற வேலையெல்லாம் செய்துவிட்டுப் பழைய ஹோஸையே மாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்டீல் பின்னல் ஹோஸ் போட்டால் லிவரில் வித்தியாசம் உடனே தெரியும். போல்ட்டின் இரண்டு பக்கமும் புது காப்பர் வாஷர் போடுங்கள், மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் வையுங்கள், ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுசாகத் திருப்பி ஹோஸ் எங்கும் இழுபடவோ டயரில் உரசவோ இல்லை என்று பாருங்கள்.

டிஸ்க், பேட்

டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும். வெர்னியரின் நேரான தாடை டிஸ்க்கின் தேயாத விளிம்பில் மோதித் தப்பான அளவைக் காட்டும், மைக்ரோமீட்டரால் ஐந்தாறு இடத்தில் அளந்து பாருங்கள். கோணல் பார்க்க டயல் கேஜ் (மிகச் சின்ன அசைவையும் முள்ளில் காட்டும் அளவி) வேண்டும், பல மேனுவல்களில் வரம்பு 0.3 மி.மீ. அளப்பதற்கு முன் சக்கரத்தின் பேரிங் ஆடுகிறதா என்று பார்த்துவிடுங்கள், ஆடினால் அந்த அளவுக்கு அர்த்தம் இல்லை.

எண்ணெயோ பிரேக் ஆயிலோ குடித்த பேடைச் சூடாக்கி, பெட்ரோலில் ஊற வைத்து மீட்கிற வித்தைகளை நம்பாதீர்கள், மாற்றுங்கள். கசிவு ஃபோர்க் ஆயில் சீலிலிருந்து வந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இன்னொன்று, பழைய பேடுகளிலும் டிரம் பிரேக் ஷூக்களிலும் ஆஸ்பெஸ்டாஸ் (மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்) இருக்கலாம், ஆகவே தூசியை வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

ஆயில் ஊற்றி ஏர் எடுப்பது

ரிசர்வாயர் மூடியில் எழுதியிருக்கும் வகையையே ஊற்றுங்கள். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. டாட் 5 சிலிக்கான், மற்றவற்றோடு கலக்கக் கூடாது, பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் கவனமாக வாங்குங்கள். கிளைக்கால் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரி. மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது ஆயில் கொதித்து ஆவியானால் ஆவி அமுங்கும், லிவர் வெறுமனே உள்ளே போகும், பிரேக் இருக்காது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது இதனால்தான். திறந்து வெகு நாள் வைத்த பாட்டிலையும் பயன்படுத்த வேண்டாம்.

எல்லாம் காய்ந்த நிலையில் லிவரை அடித்தே ஆயிலைக் கீழே கொண்டுபோவது பொறுமையைச் சோதிக்கும். சிரிஞ்சில் ஆயில் எடுத்து, ஏர் நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே தள்ளுங்கள், காற்று இயல்பாகவே மேலே போகும் என்பதால் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். ரிசர்வாயர் பொங்கி வழியாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். அப்புறம் வழக்கமான முறை: லிவரைப் பிடித்து வைத்து, நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, ஆயில் வந்ததும் மூடிவிட்டு, அதன் பிறகே லிவரை விடுங்கள். மூடுவதற்கு முன் லிவரை விட்டால் காற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். டியூபில் குமிழி வருவது நின்ற பிறகும் இன்னும் நாலைந்து தடவை செய்யுங்கள், ரிசர்வாயரை ஒருபோதும் காலியாக விடாதீர்கள்.

இவ்வளவு செய்தும் லிவர் மெத்தென்று இருந்தால் காற்று பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் சேரும் வளைவில் நிற்கிறது. ஹேண்டில்பாரைத் திருப்பி அந்த இடம் உயரமாக வரும்படி வைத்து, துணி சுற்றி, லிவரைப் பிடித்தபடி அந்தப் போல்ட்டை ஒரு நொடி தளர்த்தி இறுக்குங்கள். ஹோஸை நெடுக விரலால் சுண்டிக்கொண்டே லிவரைச் சிறிது சிறிதாக அடித்தால் ரிசர்வாயரில் பொடிக் குமிழிகள் வரும். ராத்திரி முழுக்க லிவரைக் கைப்பிடியோடு கட்டி வைத்துவிட்டுக் காலையில் அவிழ்த்துப் பார்த்தால் பல நேரம் மிச்சமும் சரியாகிவிடும்.

கடைசியில் லிவரை முழு பலத்தோடு ஒரு நிமிடம் பிடித்து வைத்து எல்லா இணைப்புகளையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள்.

டிரம் பிரேக் என்றால்

இங்கே ஆயில் இல்லை, கேபிளும் கேமும்தான், கேபிள் இழுத்ததும் கேம் திரும்பி ஷூக்களை டிரம்மின் உட்சுவரில் அழுத்தும். சக்கரத்தைக் கழற்றி, ஷூக்கள் மாட்டியிருக்கும் பிளேட்டை எடுத்து, ஷூவின் தடிமனை மேனுவலோடு ஒப்பிடுங்கள், டிரம்மின் உட்புறத்தில் வரம்பு விட்டம் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். கேம் தண்டைக் கழற்றித் துடைத்து, சூடு தாங்கும் கிரீஸ் பொட்டு அளவு மட்டும் வையுங்கள், அதிகம் வைத்தால் உருகி ஷூவில் இறங்கும். கேபிளின் முனையில் ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றுங்கள். ஷூ தேய்ந்ததும் கேம் தண்டில் இருக்கும் ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் போட்டு ஓட்டுகிறார்கள், இது ஆபத்து. கேம் அளவுக்கு மீறித் திரும்பினால் ஷூ திரும்பி வராமல் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பிரேக் பிடித்த நிலையில் கேபிளுக்கும் ஆர்முக்கும் இடையே கிட்டத்தட்ட 90 டிகிரி இருந்தால்தான் முழு பலமும் கேமுக்குப் போகும்.

இரண்டு கேம் உள்ள முன் டிரம்மில் இரண்டு ஷூவும் ஒரே நேரத்தில் டிரம்மைத் தொட வேண்டும். இணைப்புக் கம்பியைத் தளர்த்தி, இரண்டு ஆர்மையும் தனித்தனியாக ஷூ தொடும் வரை திருப்பி, அந்த நிலைக்குக் கம்பியின் நீளத்தைச் சரியாக வைத்துப் பூட்டுங்கள். இது தவறியிருந்தால் பாதி பிரேக்தான் வேலை செய்யும், பல பழைய வண்டிகளில் இப்படித்தான் இருக்கிறது. சக்கரத்தை மாட்டும்போது பிளேட்டின் தடுப்பு ஃபோர்க்கின் காடியில் உட்கார்ந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். உட்காராவிட்டால் முதல் பிரேக்கிலேயே பிளேட் சக்கரத்தோடு சுற்றும், வண்டி தூக்கிப் போட்டுவிடும். ஆக்சில் நட்டைத் தளர்வாக வைத்து, பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடியே நட்டை இறுக்கினால் ஷூக்கள் டிரம்மின் நடுவில் அமரும், லிவரின் மெத்தென்ற தன்மையும் குறையும்.

ஓட்டிப் பார்ப்பது

டிஸ்க் வேலை முடித்து வண்டியைத் தள்ளுவதற்கு முன் லிவரை இறுகும் வரை அடியுங்கள். பிஸ்டன்கள் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் சில பிடிகளில் லிவர் கைப்பிடி வரை போகும், அதைத் தெருவில் போய்த் தெரிந்துகொள்ளக் கூடாது. முதலில் நடக்கிற வேகத்தில், அப்புறம் ஆளில்லாத இடத்தில் மணிக்கு 40 கி.மீ. வேகத்திலிருந்து மிதமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், இடையில் ஆறவிட்டு இருபது முப்பது தடவை செய்தால் பேட் டிஸ்க்கோடு பழகிவிடும். சூடாக இருக்கும்போது பிரேக்கைப் பிடித்தபடி நிற்க வேண்டாம், பேடின் தடம் டிஸ்க்கில் ஒரே இடத்தில் பதிந்து பிறகு துடிப்பாகத் தெரியும்.

திரும்பி வந்ததும் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள், பேட் உரசும் மெல்லிய சத்தம் மட்டும் கேட்டால் சரி. ஒரு வாரம் ஓட்டிய பிறகு காலிப்பர் போல்ட்களுக்கு மறுபடி டார்க் பாருங்கள், ரிசர்வாயர் அளவைப் பாருங்கள், ஹோஸ் போல்ட்களைச் சுற்றி டிஷ்யூ பேப்பரால் துடையுங்கள். ஈரம் ஒட்டினால் மேலும் இறுக்கிச் சமாளிக்காமல் காப்பர் வாஷரை மாற்றிவிட்டு மறுபடி ஏர் எடுங்கள்.